பாரிஸ், நடுநகருக்கு வெளியே: போல் பேர், பரத்தான், ஸெவெரோ. மூன்றில் எந்த பிஸ்ட்ரோ?

தேன்மொழி_கோவை

வணக்கம். அக்டோபர் கடைசியில் பாரிஸில் நான்கு இரவு தங்குகிறோம். புதன் மதியம் வந்து சேர்ந்து, ஞாயிறு இரவு விமானம். அறை நாசியோன் சதுக்கத்தின் பக்கத்தில். ஈஃபிள் கோபுரம், நோத்ர்தாம் சுற்றியுள்ள சுற்றுலா உணவகங்கள் வேண்டாம். அந்தந்தப் பேட்டை ஆட்கள் சாப்பிடும் பிஸ்ட்ரோவில் இரண்டு வேளையாவது நன்றாகச் சாப்பிட வேண்டும்.

படித்ததில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 11-ஆம் வட்டாரத்தில் பிஸ்ட்ரோ போல் பேர், 20-இல் லெ பரத்தான், 14-இல் லெ ஸெவெரோ.

எங்கள் சிக்கல் இது. நான் எல்லாம் சாப்பிடுவேன். கணவர் மாடு, கன்று, பன்றி தொடமாட்டார்; கோழி, வாத்து, மீன் சரி. அம்மா முட்டை, பால் வரைதான். இரவுக்கு ஆளுக்கு 50 முதல் 60 யூரோ செலவழிக்கலாம், மதியம் அதற்கும் கீழே இருந்தால் நல்லது. யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? முன்பதிவு எப்படி?

கரும்பலகை

தேன்மொழி, மூன்றும் நல்ல கடைகள்தான். ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் மூன்று பேருக்கு அவை ஒன்றல்ல. பிஸ்ட்ரோ என்பது சின்னச் சமையலறை, இரண்டு மூன்று பேர் வேலை, அன்றைய உணவை எழுதிவைக்கும் பலகையில் நாலைந்து தொடக்க உணவு, நாலைந்து முதன்மை உணவு, நாலைந்து இனிப்பு. அந்தக் கடை எதில் கெட்டியோ அதைச் சாப்பிட முடியாதவர் அங்கே போய்ப் பயனில்லை. ஆகவே புகழைப் பார்க்காமல், அந்த அடுப்பில் என்ன வேகிறது என்பதை முதலில் பாருங்கள்.

லெ ஸெவெரோ: நிறுவியவர் முன்னாள் இறைச்சிக் கடைக்காரர். மாட்டிறைச்சியை வாரக்கணக்கில் உலரவைத்துப் பக்குவப்படுத்திச் சுடுவதுதான் அந்தக் கடையின் உயிர். சுவர் முழுக்கப் பலகை, அதில் பெரும்பகுதி வைன். உங்கள் கணவருக்கும் அம்மாவுக்கும் அங்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மூவராகப் போவதென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் மட்டும் போகலாம். நாசியோனிலிருந்து மெட்ரோ 6-ஆம் தடத்தில் தான்ஃபேர்-ரோஷ்ரோ, அங்கே 4-க்கு மாறி ஒரே நிறுத்தம், மூதோன்-துவெர்நே. அதே 6-ஆம் தடத்தில் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி எத்கார் கினே. அந்த மோம்பர்நாஸ் பகுதி முழுக்கப் பிரெத்தோன் க்ரெப் கடைகள். பக்வீட் (buckwheat) மாவில் தோசைபோல் வார்த்த கலெத், உள்ளே முட்டையும் சீஸும். அம்மாவுக்கும் கணவருக்கும் இதைவிடக் கவலையில்லாத பிரெஞ்சுச் சாப்பாடு கிடையாது. ஹாம் வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கொம்ப்ளேத்' என்று கேட்டால் ஹாமும் சேர்ந்தே வரும்.

லெ பரத்தான்: பெல்வில் மேட்டில், ரூ ஷூய்-ரூவ் தெருவில். அர்ஜென்டினாவில் பிறந்த ரக்கேல் கரேனாவின் சமையலால் பேர் பெற்ற கடை. இயற்கை வைன் பிரியர்கள் பாரிஸில் முதலில் தேடிப்போகும் இடங்களில் ஒன்று. அவர் கை மீனிலும் உள்ளுறுப்புகளிலும் அற்புதம். எலுமிச்சை வெண்ணெயில் கன்றின் மூளை அங்கே பெயர்போன தட்டு. உங்களுக்குக் கொண்டாட்டம், கணவருக்கு மீன் இருக்கும், அம்மாவுக்கு அன்றைய பலகையைப் பொறுத்தது. அம்மா ஓய்வெடுக்கும் ஒரு மதியம் நீங்கள் இருவரும் போவதே சரி. மதிய விலை இரவைவிடக் கணிசமாகக் குறைவு, ஆனால் மதியத்துக்கு வார நாள்களை மட்டுமே கணக்கில் வையுங்கள். நாசியோனிலிருந்து 2-ஆம் தடம் நேராக பெல்வில் போகும், ஏழு நிறுத்தம். அங்கிருந்து ஏற்றம். முட்டிவலி உள்ளவர் கூட வந்தால் பெல்விலில் 11-க்கு மாறி பிரெனே நிலையத்தில் இறங்கி, கீழ்நோக்கி நடக்கலாம்.

பிஸ்ட்ரோ போல் பேர்: உங்கள் அறைக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான், மூவருக்கும் ஓரளவு ஒத்துப்போவதும் இதுதான். 9-ஆம் தடத்தில் ஒரே நிறுத்தம், ரூ தே பூலே, பிறகு நடை. மிளகுச் சாற்றில் ஸ்டேக்கும், பாரி-ப்ரெஸ்த் என்ற பெரிய வளைய இனிப்பும் பேர்பெற்றவை. அந்த இனிப்பு ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம். உங்கள் செலவு வரம்பு இங்கே இடிக்கும். வைனோடு மூன்று தட்டு என்றால் இரவில் ஆளுக்கு 60-ஐத் தாண்டிவிடும். தொடக்க உணவும் முதன்மை உணவும் மட்டும் எடுத்து இனிப்பைப் பகிர்ந்தால் அடங்கும்.

கணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. போல் பேருக்கு இரண்டு கதவு தள்ளி லெக்காய்யே து பிஸ்ட்ரோ, அதே குடும்பத்துக் கடை, மீனும் சிப்பியும். அக்டோபர் கடைசி இதற்கு நல்ல காலம். கோடையில் சிப்பிகள் முட்டையிடும் பருவத்தில் பால்போல் கொழகொழப்பாக இருக்கும்; குளிர் தொடங்கினால் தெளியும். எண் சின்னதானால் சிப்பி பெரியது. முதல்முறை என்றால் 3-ஆம் எண், ஆளுக்கு ஆறு போதும். சேன்-ஷாக் (ஸ்கேலப்) சிப்பிக்கும் அக்டோபர் 1 முதல் பருவம் திறந்துவிடும்.

லாச்சப்பல்_ரூபன்

வணக்கம் சகோதரி. மேல எழுதினவர் கடையளைப் பற்றி வடிவாச் சொல்லிப்போட்டார். நான் குசினிப் பக்கத்தைச் சொல்லுறன். மாடும் பன்றியும் தட்டில கண்ணுக்குத் தெரியாமல் எங்க எங்க இருக்கும் எண்டது தெரியாட்டி, உங்கட ஆக்கள் பலகையில பிழையானதைத் தெரிஞ்செடுப்பினம்.

முதலாவது, ஃபோன் த வோ. கண்டு எலும்பை வறுத்து மணித்தியாலக் கணக்கில காய்ச்சி வத்தவைக்கிற சாறு. வாத்து, பேந்தாத் எண்ட கினிக்கோழி, சிலநேரம் மீனுக்கு ஊத்துற சோஸிலகூட இதுதான் அடி. ஆகவே 'கோழிதானே' எண்டு உங்கட அவர் நம்பி எடுத்தாலும் சோஸில கண்டு இருக்கும். கேக்க வேண்டியது: "இல் யா து ஃபோன் த வோ தோன் லா ஸோஸ்?" ஓம் எண்டால் சோஸ் இல்லாமல் கேளுங்கோ, வெண்ணெயும் எலுமிச்சையும் போட்டுத் தருவினம். வாத்துக் கோன்ஃபி ஏற்கெனவே வாத்துக் கொழுப்பில வெந்தது, தனிச் சோஸ் தேவையில்லை. அவருக்கு அதுதான் பயமில்லாத தட்டு.

இரண்டாவது, உருளைக்கிழங்குப் பொரியல். நல்ல பிஸ்ட்ரோ சிலதில மாட்டுக் கொழுப்பில பொரிக்கிறவை, ருசிக்காக. "க்ரேஸ் த பெஃப்?" எண்டு கேட்டால் போதும். கோழியோட வாற பொரிச்ச கிழங்கும் இதே சட்டியில போயிருக்கலாம்.

மூண்டாவது, லார்தோன். பன்றிக்கொழுப்புத் துண்டு. பச்சைப் பயறு மாதிரி இருக்கிற பருப்புச் சலாட், ஃப்ரிஸே கீரைச் சலாட், கோக் ஓ வான் எண்ட வைனில வெந்த கோழி, எல்லாத்திலயும் கிடக்கும். 'இறைச்சி இல்லாமல்' எண்டு சொன்னாலும் சில பரிமாறுற ஆக்கள் இதை இறைச்சியெண்டு கணக்கெடுக்கிறதில்லை. அதனால "சான் லார்தோன்" எண்டு தனியாச் சொல்லோணும்.

இனி அம்மாவுக்கு. வெங்காயச் சூப்பு மாட்டுச் சாறில செய்யிறது, வேண்டாம். பூசணிச் சூப்பு, காளான் சூப்பு எண்டால் என்ன சாறு எண்டு கேளுங்கோ, பெரும்பாலும் கோழிச்சாறு. நம்பி எடுக்கக்கூடியது: அவிச்ச முட்டையும் மயோனேசும், லீக்ஸ் வினேக்ரெத், துருவின செலரிக்கிழங்கு ரெமூலாத், கிழங்கும் கிரீமும் சேர்ந்த க்ரத்தான் தொஃபினுவா. அக்டோபரில செப் காளான் வரும். வதக்கித் தாறதை எடுக்க முதல் வாத்துக் கொழுப்போ வெண்ணெயோ எண்டு கேளுங்கோ, தென்மேற்குப் பாணிக் கடையில வாத்துக் கொழுப்புத்தான். இரண்டு தொடக்கத் தட்டை ஒண்டை முதலும் மற்றதை எங்கட முதன்மைத் தட்டோடயும் கொண்டுவாங்கோ எண்டு கேட்டால் ஒருத்தரும் முகம் சுளிக்கமாட்டினம். மரக்கறித் தட்டு ஒண்டைப் புதுசாச் செய்து தாங்கோ எண்டு இரவு எட்டரைக்குக் கேட்டால்தான் பிரச்சினை. அந்த நேரம் அடுப்பில எல்லாச் சட்டியும் ஏறியிருக்கும், ஆள் ஒருத்தரும் கை ஓயாது. பதியேக்கையே சொன்னால் காலமை சந்தைச் சாமானோட ஒழுங்கு பண்ணுவினம்.

அம்மா கடுமையான சைவம் எண்டால் சீஸையும் கவனியுங்கோ. கொந்தே மாதிரிப் பாரம்பரியச் சீஸ் கண்டின் இரைப்பையில எடுக்கிற உறைப்பொருளால்தான் உறையவைக்கிறது. இனிப்பில பானக்கொத்தா, பவர்வாவில ஜெலட்டின் இருக்கும். மிதக்கிற முட்டைவெள்ளை இல் ஃப்ளொத்தாந்த், க்ரெம் கரமெல், சொக்லேட் மூஸ் மூண்டும் முட்டை பாலோட முடிஞ்சுபோகும்.

அம்மாவுக்கு இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு வேண்டாம், முட்டை சரி எண்டு சொல்லுற இந்த வசனத்தைத் தாளில எழுதி வைச்சிருங்கோ: "போன்ஷூர். சான் வியான்த் நி புவாஸோன், நி புய்யோன் த வியான்த். லேஸ்-எஃப், ஸா வா." போன்ஷூரை முதல்ல சொல்லாமல் கேள்வியைத் தொடங்காதேங்கோ, அது இங்க பெரிய குறை. குசினியில எங்கட ஆக்கள் நிறையப் பேர் வேலை செய்யினம். தமிழில கேக்கலாமோ எண்டு பரிமாறுறவரைக் கேட்டுப் பாருங்கோ, சில கடையில உள்ளுக்கிருந்து ஒருத்தர் வந்து வடிவா விளங்கப்படுத்துவார்.

மெட்ரோ_9

ஒரு எச்சரிக்கை மட்டும். பேட்டை பிஸ்ட்ரோக்களில் பெரும்பாலானவை ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், சில சனியும். உங்களுக்குக் கையில் இருப்பது புதன், வியாழன், வெள்ளி, சனி இரவுகள்தான். அக்டோபர் கடைசியில் தூஸ்ஸான் பள்ளி விடுமுறையும் வரும். ஒரு வாரம் கதவடைக்கும் சின்னக் கடைகள் உண்டு. விமானச்சீட்டு கையில் வந்த அன்றே தேதியைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தேன்மொழி_கோவை

ரூபன் அண்ணா, கரும்பலகை, இருவருக்கும் மிக்க நன்றி. ஃபோன் த வோ பற்றி எங்கும் படிக்கவில்லை, கணவர் இதைப் பார்த்துவிட்டு முதலில் அந்த வசனத்தைத்தான் எழுதிக்கொண்டார்.

இன்னும் மூன்று சந்தேகங்கள். ஒன்று, முன்பதிவு எத்தனை நாள் முன்னே, எந்த நேரத்தில் அழைப்பது? இரண்டு, இந்த மூன்றிலும் இடம் கிடைக்காமல் போனால் தெருவில் நடந்துபோகும்போது ஒரு பிஸ்ட்ரோ நல்லதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? மூன்று, ஞாயிறு மதியம் என்ன செய்வது?

கரும்பலகை

முன்பதிவு: மூன்று வாரம் முன்னே. இணையவழி பதியும் கடை என்றால் எத்தனை நாளுக்கு முன் நாள்காட்டி திறக்கிறது என்று பார்த்து அன்று காலையே பதியுங்கள். தொலைபேசி மட்டும் என்றால் பாரிஸ் நேரம் காலை 10.30 முதல் 11.30 வரை, அல்லது மாலை 5 முதல் 6.30 வரை. 12.30-க்கோ 8.30-க்கோ அடித்தால் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் அவசரத்தில் பெயரைத் தப்பாக எழுதுவார்கள். அக்டோபரில் கோடை நேரம் முடியும்வரை நம் நேரத்துக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், ஆகவே இந்தியாவில் பிற்பகல் 2 முதல் 3.

இரவில் இரண்டு பந்தி நடக்கும் கடைகள் நிறைய: 7.30 ஒன்று, 9.30 ஒன்று. முதல் பந்தி என்றால் 9.15-க்கு மேசையைக் கேட்பார்கள். அம்மாவோடு போவதால் முதல் பந்தியே நல்லது, சமையலறையும் அப்போது நிதானமாக இருக்கும், சாறு பற்றிய கேள்விக்குப் பொறுமையான பதில் வரும். பதியும்போது அட்டை எண் கேட்டால் பதறாதீர்கள், சொல்லாமல் வராதவர்களுக்கான காப்புப்பணம் அது. 15 நிமிடம் தாமதமானாலே மேசை போய்விடலாம், வழியிலிருந்தே அழைத்துச் சொல்லுங்கள். நாள் மாறினால் ரத்து செய்யுங்கள். முப்பது இருக்கை உள்ள கடையில் மூன்று இருக்கை காலியானால் அந்தப் பந்தியின் வருமானத்தில் பத்தில் ஒன்று போயிற்று.

தெருவில் நின்று தேர்வது: பிரெஞ்சுச் சட்டப்படி விலைப்பட்டியல் வெளியே தெரிய வேண்டும், அதனால் உள்ளே நுழையாமலே பாதி முடிவெடுக்கலாம். காலை 11.45-க்குப் பேட்டையைச் சுற்றுங்கள், பலகை எழுதும் நேரம் அதுதான். பார்க்க வேண்டியவை: பலகையில் மொத்தம் பதினைந்து தட்டுக்குள் இருக்கிறதா? அக்டோபரில் பூசணி, காளான், லீக்ஸ், வேட்டை இறைச்சி, அத்திப்பழம் இருக்கிறதா, இல்லை தக்காளி மொஸரெல்லாவும் ஸ்ட்ராபெரியும் இருக்கிறதா? எழுத்து அழிந்து மறுபடி எழுதிய தடம் இருக்கிறதா? சாக்பீஸ் போல அச்சடித்த பலகை நாலு பருவமும் மாறாது. வெங்காயச் சூப்பு, நத்தை, பீட்ஸா, பர்கர், பாஸ்தா எல்லாம் ஒரே பட்டியலில், அதுவும் ஐந்து மொழியில் என்றால் கடந்துபோய்விடுங்கள். மூன்று பேர் வேலைபார்க்கும் அடுப்பில் நாற்பது தட்டு புதிதாகச் சமைக்க முடியாது. அவை உறைபெட்டியிலும் பையிலும் வந்தவை.

கூரையும் வாணலியும் சேர்ந்த 'ஃபே மேசோன்' சின்னம் 2014 முதல் இருக்கிறது. கடையிலேயே சமைத்தது என்று பொருள். ஆனால் உறையவைத்த பச்சைப் பொருளைப் பயன்படுத்தவும் அந்த விதி இடம் கொடுக்கிறது. 'மேத்ர் ரெஸ்தொரத்தர்' என்ற அரசுப் பட்டம் கதவில் இருந்தால் அது இன்னும் கெட்டி, தணிக்கை செய்து கொடுப்பது. மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பதும் சட்டம், 2022 முதல் பன்றி, ஆடு, கோழிக்கும்.

நல்ல பிஸ்ட்ரோக்கள் வெளி வட்டாரங்களில் குவிந்ததற்கு வாடகைதான் காரணம். 1992-இல் ஈவ் காம்தெபோர்த் க்ரியோன் ஹோட்டல் சமையலறையை விட்டு 14-இன் விளிம்பில் லா ரெகலாத் திறந்தபோது, நட்சத்திர ஹோட்டல் கைப்பக்குவத்தை ஒரே விலைச் சாப்பாட்டில் கொடுக்க முடிந்தது அந்த இடம் மலிவாக இருந்ததால்தான். 'பிஸ்ட்ரொனொமி' என்று பின்னர் பெயர் சூட்டினார்கள். இன்றும் மதிய ஃபோர்முல், அதாவது இரண்டு தட்டு 20 முதல் 30 யூரோவுக்குள், இந்த வட்டாரங்களில்தான் நியாயமாகக் கிடைக்கிறது. அதே சமையற்காரர், அதே இறைச்சிக்காரரின் சரக்கு, தட்டு மட்டும் கொஞ்சம் எளிமை. காசை இரவில் கொட்டுவதைவிட இரண்டு மதியம் சாப்பிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே அடக்கம். திருப்தியென்றால் இரண்டு மூன்று யூரோ மேசையில் வைக்கலாம், கட்டாயமில்லை. ரொட்டி இலவசம். தண்ணீருக்கு "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம் என்று பட்டியலிலோ அறிவிப்புப் பலகையிலோ குறிப்பிட வேண்டும் என்பது 2022 முதல் விதி. வெறும் 'வாட்டர்' என்றால் சீசா வரும், அதற்குக் காசு.

நீங்கள் ஸெவெரோவுக்குத் தனியாகப் போனால் ஒரு சொல்: ஓங்லே, பவேத் போன்ற துண்டுகளில் தசைநார் நீளமாக இருக்கும், ஸேஞான் என்ற, உள்ளே சிவப்பாக இருக்கும் நிலைக்கு மேல் வெந்தால் ரப்பர்போல் இழுக்கும். ரத்தம் தெரிவது பிடிக்காதென்றால் கொழுப்பு ஊடோடிய ஆந்த்ரகோத் எடுங்கள், அது அ-புவான், அதாவது நடுத்தர வேக்காடு வரை வெந்தாலும் காயாது.

லாச்சப்பல்_ரூபன்

ஞாயிறு மத்தியானத்துக்கு நான் சொல்லுறன். அலீக்ர் சந்தை, 12-இல், நாசியோனில இருந்து கிட்ட. ஞாயிறும் காலமை திறந்திருக்கும், ஒரு மணிக்குப் பிறகு கட்டத் தொடங்குவினம், அதனால பதினொரு மணிக்கு நிக்கோணும். பக்கத்தில லெ பரோன் ரூஷ் எண்ட வைன் கடை, பீப்பாயில இருந்து ஊத்துறது. குளிர்காலத்தில வார இறுதியில வெளியில சிப்பி திறந்து விப்பினம், நிண்டுகொண்டே சாப்பிடுறது. கதிரை தேடாதேங்கோ. அம்மாவுக்குச் சந்தைக்குள்ள பழம், ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ் வாங்கலாம்.

அம்மா சோறு கேட்டால் நாசியோனில 2-ஆம் தடம் ஏறி லா ஷப்பெல் நிலையத்தில இறங்குங்கோ, மாறத் தேவையில்லை. கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் அந்தத் தெரு முழுக்கத் தமிழ்க் கடை, ஞாயிறும் திறந்திருக்கும், தோசை இடியப்பம் எல்லாம் உண்டு. பிறகு அங்கயிருந்தே ஆர்.இ.ஆர். பி எண்ட புறநகர் ரயில் எடுத்து ஷார்ல் த கோல் விமான நிலையம் போகலாம், ஆகவே பெட்டியையும் கொண்டே வாங்கோ. நீங்கள் போற ஞாயிறு மாதத்தின்ர கடைசி ஞாயிறாய் இருந்தால் அண்டைக்கு விடியப்புறம் மணி ஒரு மணித்தியாலம் பின்னால போகும், சுவர் மணிக்கூட்டை நம்பாமல் கைபேசியைப் பாருங்கோ.

மெட்ரோ_9

நாள் பிரிப்பு நான் போட்டால் இப்படி: புதன் இரவு களைப்பாக இருப்பீர்கள், எத்கார் கினேயில் கலெத், எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். வியாழன் மதியம் நீங்களும் கணவரும் பரத்தான். வெள்ளி இரவு 7.30 பந்தி, மூவரும் போல் பேர், அம்மாவின் உணவு பற்றிப் பதியும்போதே சொல்லி. சனி இரவு கணவருக்காக லெக்காய்யே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அம்மாவுக்கு அங்கே ரொட்டியும் வெண்ணெயும் இனிப்பும்தான், முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஸெவெரோ இந்தப் பயணத்தில் வேண்டாம். மாடு சாப்பிடும் இன்னொருவர் கூட வரும்போது இரண்டு பேருக்கான கோத் த பெஃப் கேளுங்கள்.

மெட்ரோ வெள்ளி, சனி இரவில் இரண்டு மணி தாண்டியும் ஓடும், மற்ற நாள்களில் ஒரு மணி சுமாருக்கு நின்றுவிடும். பெல்விலில் இருந்து இரவில் திரும்பும்படி மாறினால் 2-ஆம் தடத்தில் நாசியோன் என்று பலகை உள்ள பக்கம் ஏறுங்கள், எதிர்ப்பக்கம் போர்த் தோஃபின் போகும்.